பாதை ஏறி அக்கரைக்கு: படுவான்கரையில் பிள்ளைகள் வளரும் வீடுகள்

மட்டக்களப்பு வாவியின் குருமன்வெளித் துறையில், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைக்காகக் காத்து நின்றபோது கச்சான் காற்று கண்ணைத் திறக்க விடவில்லை. மண்டூர் முருகன் திருவிழாவுக்கு ஊர் ஆயத்தமாகிற நாட்கள். மோட்டார் சைக்கிள்கள், ரியூசனுக்குப் போகிற பிள்ளைகள், இரண்டு நெல்லு மூட்டை, மடியில் கைக்குழந்தையோடு ஒரு தாய் என்று எல்லோரும் அந்தப் பலகைத் தட்டில் ஏறினோம். 2014இல் மண்முனைப் பாலம் வந்தபிறகு, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போவது லேசுதான். ஆனாலும் நான் போக வேண்டிய வீடுகளுக்கு இந்த வழிதான் கிட்ட.

சுவிஸில் இருக்கிற நாங்கள் பதினொரு பேர், களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் ஒன்றாகப் படித்தவர்கள், மாதாமாதம் காசு சேர்த்து ஒன்பது பிள்ளைகளின் படிப்பைப் பார்க்கிறோம். பெற்றோர் இருவரையும் இழந்தவர்கள் ஆறு பேர். மற்ற மூவருக்கும் தகப்பன் இல்லை, தாய் மத்திய கிழக்கில். காசு போய்ச் சேருகிறதா, அது என்னவாக மாறுகிறது என்று வருடத்துக்கு ஒருவர் வந்து பார்ப்பது எங்கள் வழக்கம். இந்த முறை நான் வந்தேன்.

முன்பு நாங்கள் காசு அனுப்பியது ஒரு சிறுவர் இல்லத்துக்கு. பெயர் வேண்டாம். நான்கு வருடம் அனுப்பினோம். போகும்போதெல்லாம் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வரவேற்புப் பாட்டுப் பாட வைப்பார்கள். 2022இல் போனபோது, பாடி முடித்த ஒரு சிறுமி என் பக்கத்தில் வந்து, "அன்ரி, எங்கட அண்ணாவப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள். அண்ணன் வேறொரு இல்லத்தில் இருந்தான். பெண் பிள்ளைகளுக்கு ஒன்று, ஆண் பிள்ளைகளுக்கு ஒன்று என்று இல்லங்கள் பிரிந்திருப்பதால் கூடப்பிறந்ததுகளும் பிரிந்துவிடுகின்றன. விசாரித்துப் பார்த்தால், தகப்பனை வயலில் யானை அடித்தது, தாய் அடுத்த வருடமே நோயில் போய்விட்டா. தாயின் தங்கை ஒருத்தி உயிரோடு இருக்கிறா, பிள்ளைகளை வளர்க்க மனமும் இருக்கிறது, வழிதான் இல்லை. அந்தச் சின்னம்மாவின் கையில் கொடுத்திருக்க வேண்டிய காசை நாங்கள் நான்கு வருடமாக இல்லத்துக்குக் கொடுத்து வந்திருக்கிறோம். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இல்லங்களை ஒட்டுமொத்தமாகக் குறை சொல்ல நான் வரவில்லை. சுவாமி விபுலானந்தர் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கிய கல்லடியில், இராமகிருஷ்ண மிஷனின் இல்லங்களில் இருந்து படித்து ஆளானவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். தொண்ணூறுகளில் வேறு போக்கிடம் இல்லாத பிள்ளைகளுக்கு இல்லம்தான் கூரை. 2004 மார்கழியில் கடல் நாவலடியையும் டச்பாரையும் திருச்செந்தூரையும் அள்ளிக்கொண்டு போனபோதும் அப்படித்தான். ஆனால் அந்தப் பிள்ளைகள் இன்று இருபது வயதைத் தாண்டிவிட்டார்கள். இப்போது தாய் தகப்பன் இல்லாமல் நிற்கிற பிள்ளைக்கு அநேகமாக ஒரு சின்னம்மாவோ அம்மம்மாவோ இருக்கிறா. இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளிலும் பெரும்பாலானவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். பிள்ளை இல்லத்துக்குப் போனது அநேகமாக வறுமையால்.

இன்னொன்று. மட்டக்களப்பில் குடி, அதாவது வம்சம், தாய்வழி. வீடு வளவு பெண் பிள்ளைக்குத்தான் போகும், கலியாணம் முடித்தவன் மனைவி வீட்டுக்கு வருவான். தாய் இறந்தாலும் பிள்ளையின் குடி மாறாது. தாயின் வீடு, தாயின் அக்கா தங்கையின் வீடு எல்லாம் ஒரே வளவில் வேலிக்கு வேலி இருக்கும். பிள்ளையை உறவுக்குள் வைத்து வளர்ப்பது என்று இன்றைக்குப் பெரிய மாநாடுகளில் பேசுகிறார்கள். எங்கள் பெண்கள் அதைக் காலம் காலமாகச் செய்துதான் வருகிறார்கள். அவர்கள் கையில் காசில்லை என்பதுதான் பிரச்சினை.

அதனால் 2023இல் முறையை மாற்றினோம். இல்லத்துக்கு நிறுத்தி, பிள்ளை இருக்கிற வீட்டுக்கே அனுப்பத் தொடங்கினோம். நல்லது என்று நினைத்துக் கொடுத்த முதல் காசிலேயே தடங்கல். அம்மம்மாவோடு இருக்கிற ஒரு பெடியனுக்குக் கணக்குத் திறக்கப் போனால், "நீங்க சட்டப்படி பாதுகாவலர் இல்லையே" என்று வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று தரம் பஸ் ஏறிப் போய் வந்திருக்கிறா அந்த மனிசி. அவர்கள் கேட்டது பிழையில்லை. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார், முதலில் அவரிடம் போக வேண்டும். அவர் நன்னடத்தை உத்தியோகத்தரிடம் அனுப்புவார். நன்னடத்தைக்காரர் வீட்டுக்கு வந்து பிள்ளை எங்கே படுக்கிறது, கழிவறை இருக்கிறதா, வீட்டில் வேறு யார் யார் என்றெல்லாம் பார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பார். 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், தகுதியான ஆள் என்று உறவினர் ஒருவரிடம் பிள்ளையை ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அந்தக் கட்டளை கையில் இருந்தால் பாடசாலை, வைத்தியசாலை, வங்கி எங்கே போனாலும் தலை நிமிர்ந்து நிற்கலாம். பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாக இருந்தால் அதையும் இப்போதே திருத்திவிட வேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் ஓடித்திரிந்து பயனில்லை. வெளிநாட்டில் இருந்து உதவ நினைக்கிறவர்கள் முதல் மாதக் காசை இந்த ஓட்டத்துக்கே கொடுங்கள். பஸ் காசு, போட்டோப் பிரதி, ஒரு நாள் கூலி விட்ட நட்டம், எல்லாம் சேர்த்து.

அந்த அம்மம்மாவின் வீடு பாதைத் துறையில் இருந்து ஓட்டோவில் இருபது நிமிடம். திண்ணையில் பாய் விரித்து, சட்டித் தயிரும் சீனியும் கொண்டுவந்து வைத்தா. பாஸ் புத்தகத்தையும் நீதிமன்றக் கட்டளையையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, அரிசி வாளிக்குள் வைத்திருக்கிறா. கறையான் அங்கேதான் வராதாம். "சோறு நான் போட்டுருவன் மகள். கொப்பி, சப்பாத்து, கிளாஸ் காசு, அதுக்குத்தான் ஏலாம கிடந்த" என்றா.

சரியாகச் சொன்னா. இலங்கையில் 1945இல் இருந்து கல்வி இலவசம். பாடப் புத்தகமும் சீருடைத் துணியும் அரசாங்கம் கொடுக்கிறது. மிச்சம் இருக்கிற சின்னச் சின்னச் செலவுகளில்தான் பிள்ளை படிப்பை விடுகிறது.

பெடியன் பத்தாம் வகுப்பு. கொப்பியை வாங்கிப் பார்த்தேன், முத்து முத்தான எழுத்து. ஆனால் ஒரே சொல் ஐந்தாறு இடத்தில் ஒரே மாதிரிப் பிழையாக இருந்தது. ஏன் என்று கேட்டால் தலையைக் குனிந்தான். அப்புறம் மெல்லச் சொன்னான், கரும்பலகை தெரிவதில்லை, பக்கத்துப் பெடியனின் கொப்பியைப் பார்த்து எழுதுகிறேன் என்று. கூட்டாளி விட்ட பிழைகள் அப்படியே இவன் கொப்பியிலும். எட்டாம் வகுப்பில் இருந்தே இப்படியாம். அடுத்த நாளே மட்டக்களப்பு டவுனுக்குக் கூட்டிப் போய்க் கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி போட்டோம். மாதம் தவறாமல் காசு அனுப்பினோம், பிள்ளைக்குக் கண் தெரிகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. இனி ஒவ்வொரு பிள்ளைக்கும் வருடம் ஒருமுறை கண், பல் இரண்டும் பார்ப்பது என்று தீர்மானித்திருக்கிறோம்.

காசைப் பற்றி ஒரு விசயம். எங்களைப் போலவே உதவும் சிலர், ஒரு பிள்ளைக்கு இத்தனை ரூபாய் என்று நிரந்தரமாக எழுதி வைத்திருந்தார்கள். 2022இல் ரூபாய் விழுந்தபோது அவர்களுக்கு அனுப்பும் செலவு குறைந்தது, இங்கே கொப்பியும் அரிசியும் பஸ்சும் எங்கேயோ போய்விட்டன. பிள்ளைக்குப் போன பெறுமதி பாதியாகியும் அவர்களுக்குத் தெரியவில்லை. நீங்கள் இருக்கிற நாட்டுக் காசில், பிராங்கிலோ பவுண்டிலோ, ஒரு தொகையை வைத்து அப்படியே அனுப்புங்கள்.

அடுத்தது அந்தச் சிறுமியின் சின்னம்மா வீடு. அவள் போன வருடமே இல்லத்தில் இருந்து வந்துவிட்டாள். இப்போது ஏழாம் வகுப்பு. சூரிச்சில் இருந்து அவளுக்கென்று சப்பாத்து வாங்கிப் போயிருந்தேன். பெட்டியைத் திறந்ததும் அவள் முகம் மலர்ந்தது. பக்கத்தில் நின்ற சின்னம்மாவின் மகன், அவனும் அவள் வயதுதான், தன் காலைப் பார்த்தான். பழைய செருப்பு, ஒரு வார் கம்பியால் கட்டியிருந்தது. அவன் ஒன்றும் கேட்கவில்லை. சின்னம்மாவும் சொல்லவில்லை. ஆனால் அவள் சப்பாத்தைப் போட்டுப் பார்க்காமல் பெட்டியை மூடிவிட்டாள். ஒரே பானைச் சோறு தின்கிற பிள்ளைகளுக்கு நடுவில் நான் கோடு போட்டுவிட்டேன். அன்று பின்னேரமே அவனுக்கும் வாங்கிக் கொடுத்தேன்.

அதனால் இனி எங்கள் கணக்கு பிள்ளைக்கு இல்லை, வீட்டுக்கு. ஒரு வீட்டில் மூன்று பேர் படித்தால் மூவருக்கும் கொப்பி, மூவருக்கும் ரியூசன். ஒன்பது பிள்ளைக்குப் பதில் ஏழு பிள்ளையைத்தான் பார்க்க முடியும் என்றால் புதிதாக ஆட்களைச் சேர்ப்போம், பிள்ளையைக் குறைக்க மாட்டோம். பையைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துப் போடுவதும் இல்லை. அந்தப் படம் பாடசாலையில் மற்றப் பிள்ளைகள் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பதினெட்டு வயதானதும் நிறுத்துகிற வழக்கத்தையும் விட்டுவிட்டோம். உயர்தரம் எழுதி, பெறுபேறு வந்து, பல்கலைக்கழகம் கூப்பிடும் வரைக்கும் ஒரு வருடத்துக்கு மேல் வெறுமனே போகும். உள்ளே போய்விட்டால் மகாபொல புலமைப்பரிசில் கொஞ்சம் கை கொடுக்கும். நடுவில் இருக்கிற அந்தக் காலத்தில்தான் பெடியன்கள் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிறார்கள், பெண் பிள்ளைகளுக்கு வெளிநாட்டு ஏஜென்சிக்காரன் வீடு தேடி வருகிறான். எங்கள் முதல் பிள்ளை அந்த ஒன்றரை வருடத்தைத் தாண்டி இப்போது வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம்.

வெளிக்கிடும்போது சின்னம்மா உள்ளே கூட்டிப் போய்க் காட்டினா. சிறுமியின் பாய்க்குப் பக்கத்தில் புதுப் பாய் ஒன்று, பிரிக்காத கயிற்றோடு சுவரில் சாய்த்துக் கிடந்தது. அண்ணனுக்காம். நன்னடத்தைக்காரர் வந்து பார்த்துவிட்டார், அறிக்கையும் போய்விட்டது. "அடுத்த மாதம் பதினாலாந் திகதி கோட்டுத் தவணை மகள்" என்றா. சிறுமி நாட்காட்டியில் அந்தத் திகதியைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தாள்.