கிராங்க் சென்சார் போய்விட்டது என்று சொன்னால், முதலில் வயரைப் பார்க்கச் சொல்லுங்கள்

என் காரில் நல்ல நிலையில் இருந்த கிராங்க் சென்சாரை (என்ஜின் சுற்றுவதைக் கவனித்துச் சொல்லும் சென்சார்) போய்விட்டது என்று சொல்லி, புதிதைப் போட்டு என்னிடம் பணம் வாங்கிவிட்டார்கள். உங்களுக்கும் இது நடந்துவிடக் கூடாது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே கார் திடீரென ஆஃப் ஆகும். ஸ்டீயரிங் கல் மாதிரி இறுகிவிடும். கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிவிடும். ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகினார்கள், பி0335 என்ற எரர் கோடு வந்தது. "கிராங்க் சென்சார் காலி சார், மாத்திடலாம்" என்றார் மெக்கானிக். மாற்றியும் அதே கோளாறு. அடுத்து கேம் சென்சார், அதற்கும் பில். திரும்பவும் போய் நின்றால் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவையே மாற்றணும் என்றார்கள். அதுவரை ஒருவர்கூட மல்டிமீட்டரைக் கையில் எடுக்கவில்லை.

அந்த எரர் கோடு சொல்வது கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு என்பதை மட்டும்தான். சென்சார், கனெக்டர், ஈசியூ வரை போகும் வயர், எர்த் எல்லாமே அதில் அடக்கம். எது கெட்டது என்று ஆள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அப்புறம் வேறொரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். என்ஜினை ஓடவிட்டு, ஹார்னஸை, அதாவது டேப் சுற்றிய வயர்க் கட்டை, கையால் லேசாக அசைத்துக்கொண்டே வந்தார். ஒரு பிராக்கெட் அருகே கை வந்ததும் என்ஜின் நின்றது. டேப்பைப் பிரித்தால், பிராக்கெட் விளிம்பில் உரசி உரசி இன்சுலேஷன் தேய்ந்துபோயிருந்தது. செம்பு இழைகள் பாதி அறுந்து பச்சை பூத்துக் கிடந்தன. கனெக்டரின் லாக்கும் உடைந்திருந்தது. முன்னே கழற்றியவர்கள் அதைக் கேபிள் டை போட்டுக் கட்டி மறைத்திருக்கிறார்கள். பார்த்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

கெட்ட துண்டை வெட்டி, புது வயர் இணைத்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டு, ஹார்னஸைப் பிராக்கெட்டில் படாமல் கிளிப்பில் மாட்டினார். கனெக்டரையும் மாற்றினார். நான் கேட்டு வாங்கி வைத்திருந்த பழைய கிராங்க் சென்சாரையே திரும்பப் போட்டார். அதன் பிறகு வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை.

அதனால் எந்த சென்சாரை மாற்றவும் சரி என்று சொல்லும் முன், உங்கள் கண்ணெதிரே அளக்கச் சொல்லுங்கள். மூன்று வயர் சென்சார் என்றால் கனெக்டரில் சப்ளை வருகிறதா (வண்டியைப் பொறுத்து 5 அல்லது 12 வோல்ட்), எர்த் முழுசாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என்ஜின் சூட்டை அளக்கும் இரண்டு வயர் கூலன்ட் சென்சாருக்கு இன்னும் சுலபம். பெரும்பாலான வண்டிகளில் கனெக்டரைக் கழற்றினால் ஸ்கேனரில் மைனஸ் 40 டிகிரி வரை இறங்கும், கழற்றிய கனெக்டரில் வயர் பக்கத்து இரண்டு பின்னையும் சேர்த்தால் உச்சத்துக்கு ஏறும். இரண்டும் நடந்தால் வயர் நன்றாக இருக்கிறது, சென்சாரைச் சந்தேகப்படலாம். வயரை ஊசியால் குத்திப் பார்க்க மட்டும் விடாதீர்கள். அந்த ஓட்டையில் ஈரம் இறங்கிச் செம்பை அரித்துவிடும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். மாட்டிய எலக்ட்ரிக்கல் பாகத்தைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று முடித்துவிட்டார்கள். பில்லில் "வயரிங் செக் செய்யப்பட்டது" என்று ஒரு வரி வேறு. அப்படி எழுதினால், அளந்தபோது வந்த வோல்ட்டேஜையும் அதே வரியில் எழுதித் தரச் சொல்லுங்கள்.