பாரூர் ஏரிக்கு எந்த ஃபிளை ராடு? எட்டாம் எண் கோலுடன் ஒரு பருவம்

ஃபிளை எனப்படும் போலிப் பூச்சியை வீசி மீன் பிடிக்கும் தூண்டில் கோலான ஃபிளை ராடு வாங்க விரும்புகிறவர் யாரைக் கேட்டாலும், ‘ஒன்பது அடி, ஐந்தாம் எண்’ என்றே பதில் வரும். குளிர்ந்த மலையோடைகளில் டிரவுட் மீன் பிடிக்கிறவருக்கு அது சரியான அளவு. நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் போகிறவருக்கும் பொருந்தும். ஆனால் கிருஷ்ணகிரி, தருமபுரி ஏரிகளில் விராலைத் தேடிப் போகிறவருக்கு அது போதாது என்பதை ஒரு கோலை முறித்த பிறகே நான் அறிந்துகொண்டேன்.

ராடின் அடியில் அச்சிட்டிருக்கும் எண், அந்தக் கோல் எந்த எடையுள்ள லைனை, அதாவது தூண்டில் கயிற்றை, வீசுவதற்காகச் செய்யப்பட்டது என்பதைக் குறிக்கிறது. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இறகும் நூலும் சுற்றிய ஃபிளைக்கு எடையே கிடையாது என்பதால், இங்கே தடித்த லைன்தான் முள்ளைச் சுமந்து செல்கிறது. ஐந்தாம் எண் லைனின் முதல் 30 அடி சுமார் 9 கிராம் இருக்கும். எட்டாம் எண்ணில் அதே நீளம் சுமார் 13.6 கிராம். இந்த நாலரை கிராம் என்ன செய்துவிடும் என்று நினைப்பவர், ஆடி மாதத்துப் பிற்பகலில் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாரூர் ஏரிக்கரையில் நின்று எதிர்காற்றில் ஒருமுறை வீசிப் பார்க்க வேண்டும். என் ஐந்தாம் எண் லைன் பாதி தூரத்திலேயே தளர்ந்து, திரும்பி வந்து என் தொப்பியில் விழுந்தது.

அந்தக் கோல் முறிந்ததில் என் தவறும் உண்டு. ஆகாயத்தாமரைக்குள் பாய்ந்த விராலை இழுத்து வெளியே கொண்டுவர அதற்கு வலுவில்லை. கரையோரம் வந்த மீனை நான் அவசரப்பட்டு, கோலை நெட்டுக்குத்தாக உயர்த்தித் தூக்க முயன்றதில், வளைவு முழுவதும் நுனித் துண்டில் இறங்கி, அது படீரென்று ஒடிந்தது. எந்த கார்பன் கோலும் அப்படித் தூக்கினால் ஒடியும். ஆனால் நுனித் துண்டை மட்டும் தனியாகக் கேட்டபோது, அந்த மாடலே நின்றுவிட்டது என்று விற்றவர் கைவிரித்தது எனக்கு உண்மையான வருத்தத்தைத் தந்தது. ஆகவே வாங்கும் முன் மாற்று நுனி கிடைக்குமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விலையைக் கேட்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

இப்போது என்னிடம் உள்ளது ஒன்பது அடி, எட்டாம் எண், நான்கு துண்டுக் கோல். ஒவ்வொரு துண்டும் இரண்டேகால் அடிக்குச் சற்று மேல் என்பதால் டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே போகலாம். மிக விறைப்பான வகையை வேண்டாமென்று நடுத்தர விறைப்புள்ளதாகத் தேர்ந்தேன்; கையசைவில் நேரும் சிறு பிழைகளை அது பொறுத்துக்கொள்கிறது. தவளைபோல் முடியால் கட்டிய பெரிய ஃபிளையையும் காற்றில் நேராகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கைப்பிடிக்குக் கீழே சிறு நீட்சி ஒன்று இருப்பதால், மீன் இழுக்கும்போது வயிற்றில் ஊன்றிக்கொள்ள முடிகிறது. குறைகளும் உண்டு. தக்கைப் பிடியின் ஓட்டைகளில் அடைத்திருந்த மாவு இரண்டே மாதத்தில் உதிர்ந்தது. துண்டுகளைச் சொருகும் இணைப்பு வீச வீசத் தளர்கிறது. மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்தால் நிற்கும். ஜிலேபிக் கெண்டை மாட்டினால் கைக்குத் தெரிவதேயில்லை. இரண்டு மணி நேரத்தில் தோள் வலிக்கிறது.

கோலுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை லைனுக்கு ஒதுக்குங்கள். குளிர்நாட்டு நீருக்காகச் செய்த லைன் நம் சித்திரை வெயிலில் தொய்ந்து, பிசுபிசுத்து, கோலின் வளையங்களில் ஒட்டிக்கொள்ளும். வெப்ப மண்டலத்துக்கென்று குறிப்பிட்டு விற்கும் லைனே இங்கே ஓடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். முன்னால் வீசும் முன் லைனைத் தலைக்குப் பின்னால் பறக்கவிடும் பின்வீச்சுக்கு மட்டும் முப்பது, நாற்பது அடி இடம் வேண்டும். நம் ஏரிக்கரைகளிலோ பின்னால் புளியமரமும் தலைக்கு மேல் மின்கம்பியும் இருக்கும். மரத்தில் சிக்கினால் ஒரு ஃபிளைதான் போகும், கம்பியில் பட்டால் உயிரே போகும். நிற்கும் இடத்தை அண்ணாந்து பார்த்த பிறகே கோலைப் பூட்டுங்கள்.

ஒகேனக்கல்லின் பெரிய ஆற்று மீனான மாசீரை மனத்தில் வைத்துப் பத்தாம் எண் கோல் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். காவிரியின் திமில் மாசீர் அற்றுப்போகும் விளிம்பில் நிற்கும் இனம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டுள்ளது. அந்த மீனுக்காகக் கோல் வாங்க வேண்டாம். குத்தகைதாரரிடம் கேட்டுக்கொண்டு ஏரியில் வீசுங்கள்.

பாரூரில் மூங்கில் கோலோடு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் என் கோலை வாங்கி, நுனியை மெல்ல அசைத்துப் பார்த்து, “முள்ளுல கனமே இல்லியே தம்பி, எப்படிப் போகுது?” என்று கேட்டார். லைனைக் கையில் கொடுத்தேன். விரலால் உருட்டிப் பார்த்தவர், “அப்போ வீசுறது கயித்தைத்தான்” என்றார்.