சீழ்ப்புண்ணுக்கு எந்தக் குளிசை: செபலெக்சினும் அதன் போட்டி மருந்துகளும்

செபலோஸ்போரின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி இனத்தில் செபிக்சிம் பிந்தி வந்த மூன்றாம் தலைமுறை மருந்து, செபலெக்சின் முதலாம் தலைமுறை மருந்து. ஆகவே செபிக்சிமே வலியது என்ற கணக்கு தோல் நோய்களில் தலைகீழாகிவிடுகிறது. 1960களின் பிற்பகுதியில் எலி லில்லி நிறுவனம் உருவாக்கிய செபலெக்சின், சீழ்க்கட்டிகளுக்குப் பெரும்பாலும் காரணமான ஸ்டெபிலோகொக்கஸ் கிருமியின் செல்சுவர் உருவாவதைத் தடுத்து அதை அழிக்கும். செபிக்சிமோ அக்கிருமியிடம் ஏறக்குறைய தோற்றுப்போகும்.

உண்மையான போட்டி பெனிசிலின் இனத்துக் குளொக்சசிலினோடுதான். இரண்டும் தோலுக்கு ஏறத்தாழ சமமாகவே உதவினாலும், குளொக்சசிலினை வெறும் வயிற்றில் நாளுக்கு நான்கு வேளை விழுங்கவேண்டும். விடியுமுன் கடலுக்குப் போகிறவர் அதை ஒழுங்காகத் தொடர்வார் என்று நான் நம்பவில்லை. செபலெக்சினை உணவோடும் எடுக்கலாம். அது பெரும்பாலும் மாறாமலே சிறுநீரில் வெளியேறுவதால் சிறுநீர்த் தொற்றுக்கும் பயன்படுகிறது. அதே காரணத்தால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்கவேண்டும். அமொக்சிசிலின் ஒவ்வாதவர்கள் இதற்கு மாறுவதால் மட்டும் தப்பிவிட முடியாது: இரண்டின் மூலக்கூற்றுப் பக்கச்சங்கிலியும் ஒத்திருப்பதால் இதுவும் ஒவ்வாமற் போகலாம்.

நாயோ பூனையோ கடித்தால், அமொக்சிசிலினோடு கிளவுலானிக் அமிலம் சேர்ந்த கோ-அமொக்சிகிளாவே முந்துகிறது. அவற்றின் வாயிலுள்ள பஸ்சுரெல்லா கிருமியைச் செபலெக்சின் சரிவரத் தாக்காது. வயிற்றோட்டம் கோ-அமொக்சிகிளாவுக்குத் தரும் விலை. (விசர்நாய்த் தடுப்பூசி வேறு விடயம், அதற்கு எந்தக் குளிசையும் ஈடாகாது.)

திருகோணமலைக் கரையோரத்து உப்புவெளியிலோ நிலாவெளியிலோ மீன்முள் கிழித்த காயத்தில் கடல்நீரில் வாழும் விப்ரியோ கிருமி நுழைந்திருந்தால் இவற்றுள் எதையும் தனியே நம்ப முடியாது; டொக்சிசைக்கிளினும் சேர்க்கப்படுவதுண்டு, வேகமாகப் பரவினால் வைத்தியசாலை அனுமதியே வழி. கந்தளாய் வயலில் இறங்கும் நீரிழிவு நோயாளிக்கு, மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் வந்தாலும் செபலெக்சின் உதவாது. செப்டாசிடிம் போன்ற ஊசிமருந்து தேவை.

விலங்குகளிடம் நிலைமை சற்று வேறு. நாய்களின் சீழ்த்தோல் நோய்க்கு, உடல் எடைக்கேற்பக் கணக்கிட்ட அளவில் நாளுக்கு இருமுறை, வாரக்கணக்கில் கொடுக்கப்படும் செபலெக்சின் மிருக வைத்தியர்களின் முதன்மைத் தெரிவுகளில் ஒன்று. அங்கே அதன் போட்டியாளர் கோ-அமொக்சிகிளாவ். முயலுக்கும் கினிப்பன்றிக்கும் வாய்வழியாகக் கொடுத்தால் குடல் நுண்ணுயிர்ச் சமநிலை குலைந்து அவை இறக்கக்கூடும். பசுவின் மடியழற்சிக்குக் காம்பினுள் செலுத்தும் குழாய்மருந்துகளில், கனமைசினோடு சேர்ந்த செபலெக்சினும் குளொக்சசிலினும் உண்டு. எதைச் செலுத்தினாலும் உறையில் குறித்த நாட்கள் முடியும்வரை பாலை விற்கக்கூடாது: எச்சம் கலந்த பாலில் உறைமோர்க் கிருமிகளும் அடங்கிப்போவதால், மூதூர்ச் சட்டிகளில் தயிர்கூட ஒழுங்காக உறையாது.