‘முடி கிட்’ பெட்டிக்குள் என்ன மாத்திரை? பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

முடி வளர ‘கிட்’ என்று ஆன்லைனில் விற்பவர்கள் உச்சந்தலையைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்வார்கள். பத்துக் கேள்விக்கு டிக் அடித்தால் ‘டாக்டர் பார்த்துவிட்டார்’ என்று ஒரு சீட்டு வரும். அடுத்த சில நாளில் மூன்று மாதப் பெட்டி வாசலுக்கு வந்துவிடும். எண்ணெய், ஷாம்பூ, பயோட்டின் என்ற வைட்டமின் மிட்டாய், ஒரு ஸ்ப்ரே, கூடவே சின்ன டப்பாவில் மாத்திரை. எண்ணெயில் என்னென்ன மூலிகை என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கும். மாத்திரையைப் பற்றி ஒரு வரி இருக்காது. ஏமாறுவது அந்த இடத்தில்தான்.

அந்த மாத்திரை பெரும்பாலும் ஃபினாஸ்டெரைடு 1 மி.கி. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை, வழுக்கைக்குக் காரணமான டி.எச்.டி. என்ற ஹார்மோனாக மாற்றும் நொதியைத் தடுக்கிறது. ரத்தத்தில் டி.எச்.டி. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைந்து, ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. அமெரிக்காவில் 1997-லேயே ஆண் வழுக்கைக்கு அனுமதி பெற்றது, வேலையும் செய்கிறது. மருந்தின் மேல் குற்றம் இல்லை. இந்தியாவில் இது அட்டவணை ‘எச்’ மருந்து. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. டிக் அடித்து வந்த காகிதத்தைச் சீட்டு என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

ஏனென்றால் கேட்க வேண்டியதை அதில் கேட்பதே இல்லை. மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்ததுண்டா? குழந்தைக்கு முயல்கிறீர்களா? மனைவி கர்ப்பமா? கல்லீரல் கோளாறு உண்டா? தற்கொலை எண்ணம் ஃபினாஸ்டெரைடின் பக்க விளைவுதான் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025-ல் உறுதிசெய்தது. பிரிட்டன் 2024-லேயே நோயாளி கையில் எச்சரிக்கை அட்டை கொடுக்கச் சொன்னது. பாலுணர்வுக் கோளாறு, ஆய்வில் மருந்து சாப்பிட்டவர்களில் 3.8 சதவீதம், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.1 சதவீதம். வித்தியாசம் சிறியதுதான். ஆனால் நிறுத்திய பிறகும் சிலருக்குத் தொடர்ந்ததாகப் புகார்கள் வந்து, அதுவும் மருந்துக் குறிப்பில் ஏறிவிட்டது. விந்தின் தரம் குறைவதும் அதே குறிப்பில் உண்டு. காசு மிச்சமென்று 5 மி.கி. மாத்திரையை நாலாக உடைப்பவர் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்தத் தூளை அந்தப் பெண் தொடவே கூடாது; வயிற்றில் ஆண் சிசு இருந்தால் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கும். இன்னொன்று, புராஸ்டேட் புற்றுநோய்க்குப் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவு இந்த மருந்தால் ஏறக்குறைய பாதியாகக் காட்டும். நாற்பதைத் தாண்டியவர்கள் பரிசோதனைக்கு முன் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

‘ஸ்ப்ரேதானே, ரத்தத்தில் கலக்காது’ என்பது இந்த வியாபாரத்தின் பெரிய பொய். 0.1 சதவீத ஃபினாஸ்டெரைடு கலந்த திரவத்தில் 1 மி.லி.க்கு 1 மி.கி. மருந்து இருக்கிறது. காலையும் இரவும் ஒவ்வொரு மி.லி. அடித்தால் தலையில் விழுவது 2 மி.கி. முழுவதும் உள்ளே போகாது, மாத்திரையைவிடக் குறைவுதான், ஆனாலும் போகும். இப்படிக் கலந்து விற்கும் திரவங்களால் 2019-க்கும் 2024-க்கும் இடையில் 32 பக்க விளைவுப் புகார்கள் வந்ததாக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2025 ஏப்ரலில் எச்சரித்தது. அடித்ததும் கையைக் கழுவுங்கள். தலை காயும்வரை குழந்தையைத் தூக்காதீர்கள்.

அடுத்த வலை மினாக்சிடில், முடி வளரத் தலையில் தடவும் மருந்து. தொடங்கிய சில வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டும். பழைய முடி புதியதற்கு இடம்விடுகிறது, அவ்வளவுதான். பலன் தெரிய நாலு மாதமாவது ஆகும். பயந்துபோய் போன் செய்தால் ‘பூஸ்டர் பேக்’ என்று, ஃபினாஸ்டெரைடு வகையைச் சேர்ந்த இன்னொரு மருந்தான டுடாஸ்டெரைடைத் தலையில் கட்டுவார்கள். ஃபினாஸ்டெரைடு சில மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகும். டுடாஸ்டெரைடு பாதியாகவே ஐந்து வாரம் பிடிக்கும். அதனால் பக்க விளைவு வந்தால் நிறுத்தினாலும் சீக்கிரம் விடாது. ரத்த தானம் செய்ய ஃபினாஸ்டெரைடை நிறுத்தி ஒரு மாதம், டுடாஸ்டெரைடை நிறுத்தி ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். மினாக்சிடில் மாத்திரையாகவே வந்தால் இன்னும் கவனம். அது முதலில் ரத்த அழுத்த மருந்து. பிரஷர் பார்க்காமல் தொடங்கக் கூடாது. கால் வீக்கமோ படபடப்போ வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

பயோட்டின் மிட்டாய் அப்பாவி போலத் தெரியும். அதிக அளவில் தின்றால் தைராய்டு பரிசோதனையையும், மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனினையும் தப்பாகக் காட்டவைக்கும்.

‘வழுக்கையைக் குணப்படுத்தும்’ என்று எந்த மருந்தையும் சொல்லி விற்க நம் மருந்து விதிகளின் அட்டவணை ‘ஜே’ இடம் தரவில்லை. விளம்பரத்தில் அந்த வாக்கியம் இருந்தால் அங்கேயே விலகிவிடலாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் மாத்திரை அட்டையில் மருந்தின் பெயர், மி.கி., பேட்ச் எண், காலாவதித் தேதி, சீட்டு மருந்து என்று காட்டும் சிவப்புக் கோடு எல்லாம் இருக்கிறதா பாருங்கள். உதிரியாக டப்பாவில் வந்திருந்தால் விழுங்காதீர்கள். மனம் சோர்ந்தாலோ விறைப்பில் மாற்றம் தெரிந்தாலோ ஃபினாஸ்டெரைடை நிறுத்திவிட்டு நேரில் ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். நிறுத்தினால் முளைத்த முடி ஓராண்டுக்குள் போய்விடும், அதையும் தெரிந்தே முடிவெடுங்கள். பக்க விளைவைப் பதிய 1800-180-3024, பணத்துக்கு நுகர்வோர் உதவி எண் 1915. கோபத்தில் பெட்டியை மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பேட்ச் எண்ணும் பில்லும் கையில் இருந்தால்தான் புகார் நிற்கும்.