சாவோ பாலோவின் நான்கு மைக்குகள்: நெட்முண்டியல் கலந்தாய்வு, ஒரு மதிப்பீடு

கருத்துக் கேட்பு என்பதும் ஒரு சேவைதான். கேட்டவர்கள் எவ்வளவு பணிவாகக் கேட்டார்கள் என்பதைவிட, சொன்ன கருத்து கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை வைத்தே அதை எடைபோட வேண்டும். இணையத்தை யார், எந்த விதிகளின்படி நிர்வகிப்பது என்ற உலக இணைய ஆளுகையின் எதிர்காலம் குறித்து 2014 ஏப்ரல் 23, 24 தேதிகளில் பிரேசிலின் சாவோ பாலோ நகரில் நடந்த நெட்முண்டியல் கூட்டத்தை அந்த அளவுகோலில் பார்த்தால், முக்கால் வழி வரை அதற்கு இணையான பலதரப்புக் கலந்தாய்வு (அரசுகளோடு நிறுவனங்களும் குடிமைச் சமூக அமைப்புகளும் வல்லுநர்களும் சேர்ந்து பேசும் முறை) அதற்கு முன் நடந்ததில்லை என்று சொல்லலாம். மீதிக் கால் வழிதான் சிக்கல்.

பின்னணி தெரிந்ததுதான். அமெரிக்க உளவு அமைப்பு அன்றைய பிரேசில் அதிபர் தில்மா ரூசெஃபின் தகவல் தொடர்புகளையும் கண்காணித்தது என்பது அந்த அமைப்புக்காகப் பணியாற்றிய எட்வர்ட் ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த ஆவணங்கள் வழியாக 2013இல் அம்பலமானது. வாஷிங்டன் பயணத்தைத் தள்ளிவைத்து, ஐ.நா. பொதுச் சபையிலும் கண்டனம் தெரிவித்த ரூசெஃப், இணையதள முகவரிகளான களப்பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் அன்றைய தலைவர் ஃபாதி ஷெஹாதேயைச் சந்தித்த பிறகு இக்கூட்டத்தை அறிவித்தார்.

முதலில் பாராட்ட வேண்டியது எழுத்து வழிக் கலந்தாய்வு. கூட்டத்துக்கு முன்பே 46 நாடுகளிலிருந்து 188 முன்மொழிவுகள் வந்தன; அவற்றிலிருந்து தொகுத்த வரைவு அறிக்கையைப் பத்தி பத்தியாக எண்ணிட்டு இணையத்தில் வைத்து, ஒவ்வொரு பத்தியின் கீழும் யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம் என்று திறந்துவிட்டார்கள். சுமார் 1,370 கருத்துகள் குவிந்தன. அரசு எழுதியதும் தனியொருவர் எழுதியதும் ஒரே பத்தியின் கீழ், எல்லோர் பார்வையிலும் இருந்தன. மின்னஞ்சலில் கருத்தை வாங்கிக்கொண்டு, 'பரிசீலிக்கப்பட்டது' என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துவிடும் வழக்கத்துக்குப் பழகிப்போன நமக்கு இது பெரிய முன்னேற்றம். ஆனால் அந்த வரைவு ஆங்கிலத்தில் இருந்தது. கருத்துச் சொல்லக் கிடைத்ததும் சில நாட்கள்தான். ஆங்கிலமும் ஓய்வும் கைவசம் உள்ளவர்களுக்கு இது எளிது, மற்றவர்களுக்கு அப்படியல்ல.

அரங்கத்தின் ஏற்பாடு இன்னும் சுவையானது. அரசுகள், தனியார் துறை, குடிமைச் சமூகம், கல்வி மற்றும் தொழில்நுட்பச் சமூகம் என நான்கு தரப்புக்கும் நான்கு மைக்குகள் நிறுத்தப்பட்டிருந்தன. பேச விரும்புகிறவர் தன் தரப்பு மைக்கின் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும். தலைமை வகித்தவர்கள் நான்கு வரிசைகளையும் முறைவைத்து அழைத்தார்கள். வெளியூர்களில் அமைந்த தொலைநிலை மையங்களில் கூடியிருந்தவர்களுக்கும் முறை வந்தது. அரசுகள் மட்டுமே வாக்களிக்கும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2012 துபாய் மாநாட்டைப் பார்த்தவர்களுக்கு, ஓர் அரசுப் பிரதிநிதி வரிசையில் நின்று, தன் முறைக்குக் காத்திருந்து, நேரம் முடிந்ததும் நிறுத்தப்படும் காட்சியே இந்தக் கூட்டத்தின் சாதனையாகத் தோன்றியிருக்கும்.

இனி அந்தக் கால் வழி. மைக்குகளில் வந்த கருத்துகளை வரைவில் சேர்க்கும் வேலை தனி அறைகளில் நடந்தது. மற்றவர்கள் உட்கார்ந்து பார்க்கலாம், வாய் திறக்கக் கூடாது. அதற்கு மேல் உயர்நிலைக் குழுவின் இசைவு வேண்டும். அழுத்தம் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கட்டம் வாய்ப்பாக அமைந்தது. தகவலைப் பெறவும் பகிரவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்ற வரியின் வாலில், படைப்பாளர்களின் சட்டபூர்வ உரிமைகளுக்கு இணங்க என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டது. பயனர்கள் இணையத்தில் செய்வதற்கு இணையச் சேவை நிறுவனங்கள் போன்ற இடைநிலை நிறுவனங்கள் எவ்வளவு பொறுப்பு என்ற வரம்பைப் பற்றிய பத்தியில், சட்டவிரோதச் செயல்களைத் தடுக்க அனைவரும் ஒத்துழைக்க வேண்டும் என்ற வாசகம் இடம்பெற்றது. பெருந்திரள் கண்காணிப்பைப் பற்றி, அது இணையத்தின் மீதான நம்பிக்கையைக் குலைக்கிறது என்ற அளவோடு நின்றுவிட்டார்கள். கூட்டத்துக்கே காரணமான விஷயத்துக்கு இவ்வளவுதானா என்று குடிமைச் சமூக அமைப்புகள் வெளிப்படையாகவே வருந்தின. இணையத்தில் எல்லாத் தரவையும் பாகுபாடின்றி நடத்த வேண்டும் என்ற இணையச் சமநிலையின் கதி இதைவிட வேடிக்கை: அதை உறுதிசெய்யும் பிரேசிலின் 'மார்கோ சிவில்' சட்டத்தில் ரூசெஃப் தொடக்க விழா மேடையிலேயே கையெழுத்திட்டார், மறுநாள் வெளியான அறிக்கையோ அதை 'மேலும் விவாதிக்க வேண்டியவை' பட்டியலில் தள்ளிவிட்டது.

இத்தனை நீர்த்தும் ரஷ்யாவும் கியூபாவும் உடன்படவில்லை. இந்தியா நாடு திரும்பிக் கலந்தாலோசித்த பிறகே தன் நிலையைச் சொல்ல முடியும் என்று ஒதுங்கிக்கொண்டது. உலக இணையப் பயனர்களில் இத்தனை பெரும் பங்கை வைத்திருக்கும் நாடு, வரைவு முன்கூட்டியே பொதுவெளியில் கிடந்த பிறகும் கடைசி மேடையில் அப்படிச் சொன்னது எனக்கு ஏமாற்றமாகவே இருக்கிறது; பலதரப்பு முறைக்கு இந்தியா வெளிப்படையாக ஆதரவு அறிவித்தது மறு ஆண்டில்தான்.

சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாத அறிக்கை என்பதால் பயனே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. ஐ.நா.வின் இணைய ஆளுகை மன்றத்துக்கு ஐந்தாண்டுக்கும் மேற்பட்ட ஆயுள் தர வேண்டும் என்று அது கேட்டது. 2015 டிசம்பரில் பொதுச் சபை பத்தாண்டு நீட்டிப்பு வழங்கியது. 2024 ஏப்ரல் 29, 30இல் அதே நகரில் மீண்டும் கூடியபோது, இணையத்தைப் பற்றிய கொள்கைகளோடு, கலந்தாய்வை எப்படி நடத்த வேண்டும் என்ற வழிகாட்டுதல்களையும் எழுதினார்கள். தரப்புகளுக்கு இடையிலான வலிமை ஏற்றத்தாழ்வைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. 2014இன் கடைசி மணி நேரங்களைப் பார்த்தவர்கள் அதை எழுதாமல் இருந்தால்தான் வியப்பு.

இவ்வகைக் கலந்தாய்வில் இனி பங்கேற்க நினைப்பவர்கள், சிறிய அமைப்பாக இருந்தால், விமானச் சீட்டுக்குச் செலவிடுவதைவிட வரைவுக் கட்டத்தில் உழைப்பது நல்லது. பொதுவான ஆதங்கத்தை எழுதுவதைக் காட்டிலும், எந்தப் பத்தியில் எந்தச் சொற்றொடரை நீக்கி எதைச் சேர்க்க வேண்டும் என்று மாற்று வாசகத்தையே எழுதிக் கொடுங்கள்; பின்னால் அது காணாமல் போனால், எந்தக் கட்டத்தில் காணாமல் போனது என்று கேட்பதற்காவது கையில் ஒரு பத்தி எண் இருக்கும்.