காரைக்குடி மெஸ்ஸில் கவுனி அரிசி

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் எழுபதைத் தாண்டிய ஆச்சி ஒருவர் நடத்தும் சின்ன மெஸ். காலையில் கவுனி அரிசி வாங்கினேன். ராத்திரியே ஊறப்போட்டு வேகவைத்தது. தேங்காய்ப்பூ, நெய், ஏலக்காய் வாசம். பல்லில் ஒவ்வொரு மணியும் தனியாக நின்று, பிறகுதான் குழைகிறது. அருமை! சீனிதான் ரொம்பத் தாராளம். மறுநாள், "ஆச்சி, சீனி பாதி போதும்" என்றேன். "அதுக்கென்ன தம்பி" என்று தனியாகக் கிளறித் தந்தார்.

உயிர்வேதியியல் பாடம் நடத்தியவன் என்பதால் இதில் எனக்கு அக்கறை அதிகம். சீனியை உடைக்கும் சுக்ரேஸ் நொதி சிறுகுடல் சுவரில் இருக்கிறது. சீனி கூடினால் 2 முதல் 5 நாளில் அதுவும் கூடும், குறைத்தால் இறங்கும். 1968இல் மனிதர்களிடமே அளந்து காட்டியிருக்கிறார்கள். கல்லீரலில் குளுக்கோஸைக் கையாளும் குளுக்கோகைனேஸ் நொதியும் பட்டினியில் குறையும். மாவுச்சத்து சாப்பிட்டதும் இன்சுலின் அதை மறுபடி உயர்த்தும். பாலைச் செரிக்கும் லாக்டேஸ் மட்டும் அப்படி உணவுக்கு ஏற்ப மாறுவதில்லை. தினமும் பால் குடித்தாலும் அந்த நொதி அதிகமாகாது.

அதனால் பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் பால் பணியாரத்தைத் தேங்காய்ப்பாலில் கேளுங்கள், செய்து தருகிறார்கள். எட்டரைக்குள் போய்விடுங்கள், அதற்குமேல் கவுனி மிஞ்சாது.