ஒரே கதை, இரண்டு அனிமே: பழசா, புதுசா?

பல வருடமாக அனிமே என்னும் ஜப்பானிய அனிமேஷன் தொடர்களைப் பார்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், எங்கே தொடங்கினாலும் "இப்ப வர்றது எதுவும் பழசு மாதிரி இல்ல" என்பதில்தான் வந்து நிற்கும். புதிதாகப் பார்க்க வந்தவர்கள் இதைச் சின்ன வயது ஞாபகம் செய்யும் வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இந்த வாக்குவாதம் தீராததற்குக் காரணம் உண்டு. பழைய ரசிகர்கள் 1998-ல் வந்த கௌபாய் பீபாப் போன்ற தேர்ந்த தொடர்களை எடுத்து வைத்துவிட்டு, எதிரே இந்த சீசனில் வந்த அத்தனையையும் நிறுத்துகிறார்கள். 1998-லும் சுமாரான தொடர்கள் ஏராளமாக வந்தன. இன்று அவற்றை யாரும் தேடிப் போவதில்லை, அவ்வளவுதான்.

நியாயமாக ஒப்பிட வேண்டுமென்றால், ஒரே மூலக்கதையைக் காலம் தள்ளி இரண்டு முறை எடுத்த தொடர்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். அப்படிப் பார்க்கும்போது நான் அதிகமும் பழையதன் பக்கம்தான் சாய்கிறேன், ஆனால் எல்லா ஜோடியிலும் இல்லை. கதையின் முக்கியத் திருப்பங்களைத் தொடாமல் இதை எழுத முடியாது. பார்க்காதவர்கள் அந்தந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: 2003-ம் 2009-ம்

இறந்த தாயை ரசவாதத்தால் உயிர்ப்பிக்க முயன்று தோற்ற எட்வர்ட், அல்ஃபோன்ஸ் என்ற சகோதரர்களைப் பற்றிய, அரகவா ஹிரோமுவின் இந்த மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) 2001-ல் தொடங்கி 2010-ல் முடிந்தது. போன்ஸ் ஸ்டுடியோவே இதை இரண்டு முறை எடுத்தது. மிசுஷிமா செய்ஜி இயக்கிய முதல் தொடர் 2003-ல் வந்தது, 51 எபிசோட். இரியே யசுஹிரோ இயக்கிய 'பிரதர்ஹுட்' 2009-ல் வந்தது, 64 எபிசோட். முதல் தொடர் வந்த நேரத்தில் மங்கா பாதிகூட ஆகவில்லை. அதனால் அது நடுவழியில் பிரிந்து, தனக்கென்று ஒரு கதையையும் முடிவையும் தேடிக்கொண்டது. பிரதர்ஹுட் மங்காவின் கூடவே நடந்து, மங்கா முடிந்த அடுத்த மாதமே தானும் முடிந்தது.

இன்று சிறந்த அனிமே பட்டியல் போடுபவர்களில் பெரும்பாலோர் பிரதர்ஹுட்டைத்தான் மேலே வைப்பார்கள். கதைக் கட்டுமானத்தை மட்டும் பார்த்தால் அதில் தப்பில்லை. கடைசிப் போரில் சின்னப் பாத்திரங்களுக்குக்கூட ஒரு வேலை இருக்கிறது, போட்ட முடிச்சுகள் எல்லாம் அவிழ்கின்றன. ஆனால் நீனா என்ற அந்தச் சிறுமியின் கதையை இரண்டிலும் அடுத்தடுத்துப் பாருங்கள். பிரதர்ஹுட்டில் அவள் நான்காவது எபிசோடில் அறிமுகமாகி அதே எபிசோடில் போய்விடுகிறாள். 2003-ல் எட்வர்டும் அல்ஃபோன்ஸும் அவள் வீட்டிலேயே தங்கி அரசு ஆல்கெமிஸ்ட் தேர்வுக்குப் படிக்கிறார்கள். அவள் கூட விளையாடுகிறார்கள். ராணுவ அதிகாரி ஹியூஸ் வீட்டில் எட்வர்டுக்குப் பிறந்தநாள் கொண்டாட்டம் நடக்கிறது, அந்த நேரத்தில் ஹியூஸுக்கு மகள் பிறக்கிறாள். அதற்கு அடுத்த எபிசோடில்தான் நீனாவின் தகப்பன் செய்த காரியம் தெரியவருகிறது. நடந்த கொடுமை இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் 2003-ல் அந்த வீட்டில் நாமும் கொஞ்ச நாள் இருந்துவிட்டோம்.

ஹியூஸின் சாவும் இப்படித்தான். பிரதர்ஹுட்டில் பத்தாவது எபிசோடிலேயே அவர் சுடப்படுகிறார். 2003-ல் அது 25-வது எபிசோட், கிட்டத்தட்ட தொடரின் நடுப்பகுதி. அடக்கத்தின்போது, அப்பாவுக்கு வேலை இருக்கிறதே, ஏன் மண்ணைப் போடுகிறார்கள் என்று அவருடைய மகள் அழுகிறாள். 2003-ஐப் பார்த்தவர்களுக்கு அந்தக் குழந்தை பிறந்த நாளே தெரியும். முதல் தொடரை எல்லோரும் பார்த்திருப்பார்கள் என்ற தைரியத்தில் பிரதர்ஹுட் ஆரம்பப் பகுதியைச் சுருக்கிவிட்டது என்பது பழைய ரசிகர்களின் நெடுநாள் வருத்தம். நிலக்கரிச் சுரங்க ஊரான யூஸ்வெல் கதைக்கு அதில் தனி எபிசோடே இல்லை.

என்னைப் பொறுத்தவரை இரண்டுக்கும் உள்ள மிகப்பெரிய வித்தியாசம் ஸ்லாத் என்ற ஹோமன்குலஸ், அதாவது ரசவாதத்தில் பிறந்த செயற்கை உயிர். மங்காவிலும் பிரதர்ஹுட்டிலும் ஸ்லாத் சுரங்கம் தோண்டும் ஒரு ராட்சதன். 2003-ல் ஒவ்வொரு ஹோமன்குலஸும், இறந்தவரை உயிர்ப்பிக்க யாரோ முயன்று தோற்றதன் விளைவு. அதனால் ஸ்லாத்துக்கு அந்தச் சகோதரர்களின் தாய் முகம். சின்ன வயதில் அவர்கள் செய்த தவறு அம்மாவின் முகத்தோடு எதிரே வந்து நிற்கிறது. எட்வர்ட் அவளைத் தன் கையாலேயே அழிக்க வேண்டியிருக்கிறது. மங்காவில் இல்லாத ஒன்று, ஆனால் மங்கா எழுப்பிய கேள்விக்குள்ளேயே போய் எடுத்தது. அரகவா எழுதியதை அப்படியே படமாக்காமல், அவரோடு உட்கார்ந்து வாதம் செய்ததுபோல இருக்கிறது இந்தத் தொடர். கடைசியில், கதையில் வரும் ரசவாதக் கதவுக்கு அந்தப்பக்கம் நம் உலகமே இருப்பதாகக் காட்டியதும், மிச்சத்தை 2005-ல் வந்த திரைப்படத்துக்குத் தள்ளியதும் பலருக்குப் பிடிக்கவில்லை. அந்தக் குறையோடும் சொல்கிறேன்: இரண்டில் ஒன்றுதான் பார்ப்பேன் என்று ஒருவர் பிடிவாதமாக நின்றால், அவர் கையில் நான் 2003-ஐத்தான் கொடுப்பேன். இரண்டையும் பார்க்க நேரம் உள்ளவர் 2003-ஐ முதலில் பார்க்கட்டும். வரிசையை மாற்றினால் ஆரம்ப எபிசோடுகள் வெறும் திரும்பச் சொல்வதாகிவிடும்.

ஹன்டர் ஹன்டர்: 1999-ம் 2011-ம்

இங்கே நான் பக்கம் மாறுகிறேன். தொகாஷி யோஷிஹிரோவின் மங்காவை 1999-ல் நிப்பான் அனிமேஷன் எடுத்தது, ஃபுருஹாஷி கசுஹிரோ இயக்கத்தில் 62 எபிசோட். அதன் பிறகு மீதியை நேரடி வீடியோ வெளியீடுகளாகக் கொண்டுவந்தார்கள். 2011-ல் மேட்ஹவுஸ் முதலிலிருந்து ஆரம்பித்து 148 எபிசோட் எடுத்தது.

பழைய தொடருக்குத் தனி வாசம் இருக்கிறது. நிறம் மங்கல், இரவுக் காட்சிகளில் உண்மையான இருட்டு. யார்க்நியூ நகரத்தில் குராபிகா என்ற இளைஞன் பழிவாங்க அலையும் பகுதிக்கு அந்த மங்கல் அவ்வளவு பொருத்தம். புதியதில் எல்லாம் பளிச்சென்று இருக்கும். இன்னொன்று: கதாநாயகச் சிறுவன் கோன் முதன்முதலில் கைட் என்பவரைச் சந்திக்கும் காட்சி 1999-ல் முதல் எபிசோடிலேயே வருகிறது, மங்காவும் அப்படித்தான் தொடங்குகிறது. 2011-ல் அதைத் தூக்கிவிட்டார்கள். பின்னால் கைட்டுக்கு என்ன ஆகிறது என்பது தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயமே இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும் நான் 2011-ஐத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், மனிதரைத் தின்னும் கிமேரா எறும்புகள் என்ற உயிரினங்களோடு மோதும் பகுதி. அறுபதுக்கும் மேல் எபிசோடுகளை அந்த ஒரு பகுதிக்கே கொடுத்தார்கள். எறும்பு ராஜாவின் அரண்மனைக்குள் நாயகர்கள் நுழையும்போது கதையில் கழிவது சில நிமிடங்கள்தான். அந்த நிமிடங்களைப் பிரித்துப் பிரித்து, ஒவ்வொருவர் மனதிலும் என்ன ஓடுகிறது என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே போகும். கடைசியில் எறும்பு ராஜாவும் கண் தெரியாத கொமுகி என்ற பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்து குங்கி என்ற பலகை விளையாட்டை ஆடுகிறார்கள். உலகத்தை ஆளப் பிறந்தவன், நீ இன்னும் இருக்கிறாயா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். பொறுமை என்று பழைய ரசிகர்கள் எதைச் சொல்கிறார்களோ, அது முழுக்க முழுக்க இந்தப் புதிய தொடரில் இருக்கிறது. 1999-ஐக் கொண்டாடும் நண்பர்கள் இங்கே என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

டிரைகன்: 1998-ம் 2023-ம்

நைட்டோ யசுஹிரோவின் கதை. 1998-ல் மேட்ஹவுஸ் எடுத்தது 26 எபிசோட். 2023-ல் ஆரஞ்ச் ஸ்டுடியோ கணினி வரைகலையில் எடுத்த 'ஸ்டாம்பீட்' 12 எபிசோட். ஆரஞ்சின் தொழில்திறமையை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். முகபாவங்களைக் கணினியில் இவ்வளவு நுணுக்கமாகக் கொண்டுவருவது சாமானியமான வேலை இல்லை.

ஆனால் பழைய டிரைகன் என்ன செய்தது பாருங்கள். தலைக்கு 6,000 கோடி இரட்டை டாலர் விலை வைக்கப்பட்ட வாஷ் என்பவனைத் தேடி மெரில், மில்லி என்ற இரண்டு காப்பீட்டு நிறுவனப் பெண்கள் வருகிறார்கள். எதிரே டோனட் தின்றுகொண்டு அசடு வழியும் ஒருவன்தான் அவன் என்று அவர்கள் நம்பவே மறுக்கிறார்கள். எபிசோட் எபிசோடாக வெறும் கூத்து. பன்னிரண்டாவது எபிசோடில் லெகாட்டோ என்ற கொடியவன் வந்த பிறகுதான் கதை இருள்கிறது. வாஷின் சிறுவயதுக் கதை வர 17-வது எபிசோட் ஆகிறது. அதற்குள் அந்தச் சிரிப்பு நமக்குப் பழகிவிட்டது. அதனால்தான் அதற்கு அடியில் இருந்த வலி தெரியும்போது தாங்க முடிவதில்லை. ஸ்டாம்பீட் விண்கலம் விழுவதையும் வாஷையும் அவனுடைய இரட்டைச் சகோதரனையும் முதல் எபிசோடிலேயே காட்டித் தொடங்குகிறது. மில்லி இல்லை. மெரில் பத்திரிகைக்காரி ஆகிவிட்டாள். 12 எபிசோடுக்குள் எல்லாம் நடந்தாக வேண்டும் என்றால் அசடு வழிய நேரம் ஏது? என் ஓட்டு தயங்காமல் 1998-க்கு.

மற்ற ஜோடிகள்

தனாகா யோஷிகியின் நாவல்களிலிருந்து வந்த லெஜண்ட் ஆஃப் தி கேலக்டிக் ஹீரோஸ் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன். 1988 முதல் 1997 வரை 110 எபிசோட், இஷிகுரோ நொபோரு இயக்கம். தொலைக்காட்சிக்கு அல்லாமல், சந்தா கட்டியவர்களுக்கு வீடியோ கேசட்டாகத் தபாலில் போனது. விண்கலப் போருக்குப் பின்னணியில் மாலர், புரூக்னரின் மேற்கத்திய செவ்விசை ஒலிக்க, அறைக்குள் உட்கார்ந்து மனிதர்கள் ஜனநாயகத்தைப் பற்றியும் சர்வாதிகாரத்தைப் பற்றியும் பேசிக்கொண்டே இருப்பார்கள். 2018-ல் தொடங்கிய புதிய வடிவத்தில் கப்பல்கள் பிரமாதம், முகங்கள் அழகு. ஆனால் யாங் வென்லி என்ற அந்தச் சோம்பேறித் தளபதி புதியதில் மாடல் அழகனைப் போல இருக்கிறார். பழையதில்தான் ஓய்வூதியத்துக்காகக் காத்திருக்கும் வரலாற்று வாத்தியார் போல இருந்தார். எனக்கு அவர்தான் யாங்.

பெர்செர்க்கில் போட்டியே இல்லை. 1997-ல் காசு குறைவு என்பது திரையிலேயே தெரியும். பல இடங்களில் அசையாத ஓவியத்தின் மேல் கேமரா மெல்ல நகரும், ஹிராசவா சுசுமுவின் இசை மீதியைப் பார்த்துக்கொள்ளும். 2016-ல் வந்த கணினி வடிவம் எவ்வளவோ அசைந்தும் அந்தக் கனத்தைத் தொடவில்லை. ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்டில் நேர் எதிர். 2001-ல் வந்தது 26 எபிசோடோடு நின்றுபோனது. 2019-லிருந்து 2021 வரை வந்தது 63 எபிசோடில் கதை முழுவதையும் சொன்னது. குடும்பத்தின் காயங்கள் ஆறுவதுதான் கதையே என்னும்போது, ஆறாமல் நின்ற பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஏன் இப்படி

பழைய தொடர்களில் பலவும் வருடம் முழுக்க வாராவாரம் ஓடின. மங்கா இன்னும் வந்துகொண்டிருக்கும், அனிமே அதை எட்டிப் பிடித்துவிடும். அப்போது எடுப்பவர்கள் ஏதாவது சொந்தமாகச் செய்தே ஆக வேண்டும். அந்த நெருக்கடியில்தான் 2003-ன் ஃபுல்மெட்டல் பிறந்தது. அதே நெருக்கடியில்தான் நருட்டோவின் ஃபில்லரும் பிறந்தது. முதல் நருட்டோ 220 எபிசோட். அதில் 135-க்குப் பிறகு ஏறக்குறைய எல்லாமே மங்காவில் இல்லாத இட்டுக்கட்டல். வாராவாரம் காத்திருந்து அதைப் பார்த்தவர்கள் பழசு எல்லாம் பொன் என்று சொல்ல மாட்டார்கள். நமெக் கிரகம் ஐந்து நிமிடத்தில் வெடிக்கும் என்று வில்லன் ஃப்ரீசா சொன்ன பிறகு எத்தனை வாரம் ஓடியது என்று டிராகன் பால் இசட் ரசிகர்களைக் கேட்டால் தெரியும்.

இன்றைக்குத் தொடர்கள் பெரும்பாலும் 12, 13 எபிசோட் சீசனாக வருகின்றன. மங்கா போதுமான அளவு சேர்ந்த பிறகே அடுத்த சீசன். பதிப்பகமும் தயாரிப்புக் குழுவில் ஒரு பங்காளி, அனிமே ஓடினால் மங்கா விற்கும். அதனால் மூலத்தை மாற்ற யாருக்கும் அவசியமும் இல்லை, துணிச்சலும் குறைவு. ஃபில்லர் ஒழிந்தது பெரிய நிம்மதி. ஆனால் கூடவே, ஒரு வீட்டில் சும்மா தங்கியிருக்கும் எபிசோடும் போய்விட்டது. பழைய ரசிகர்கள் ஏங்குவது அதற்குத்தான் என்று நான் நம்புகிறேன். கையால் வண்ணம் தீட்டிய செல் தாளின் (ஒளி ஊடுருவும் படலத்தின்) அழகும் உண்டுதான். சசாயே-சான் என்ற நெடுந்தொடர் மட்டும் 2013 வரை அதை விடாமல் வைத்திருந்தது. ஆனால் செல் தாளில் வந்த எத்தனையோ தொடர்கள் இன்று யார் ஞாபகத்திலும் இல்லையே.

நேரம் கிடைத்தால் இன்றைக்கும் செய்ய முடிகிறது. 2023-ல் தொடங்கிய ஃப்ரீரெனுக்கு ஒரே மூச்சில் 28 எபிசோட் கொடுத்தார்கள். அரக்க ராஜாவைக் கொன்று முடித்த பிறகுதான் அந்தக் கதையே ஆரம்பிக்கிறது. ஒரு நீலப் பூவைத் தேடிக்கொண்டு ஓர் ஊரில் மாதக்கணக்கில் தங்குவதைக் காட்டவும் அதில் இடம் இருக்கிறது. பழைய ரசிகர்கள் பலர் அதை வாரி அணைத்துக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

எனவே எதில் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: டிரைகன் 1998, பெர்செர்க் 1997, கேலக்டிக் ஹீரோஸ் 1988. ஹன்டர் ஹன்டர் 2011-ல் தொடங்கி, பிடித்துப்போனால் யார்க்நியூ பகுதியை மட்டும் 1999-ல் திரும்பப் பாருங்கள். ஃப்ரூட்ஸ் பாஸ்கெட் புதியது போதும். ஃபுல்மெட்டலுக்கு மட்டும் இரண்டையும் பார்க்க நேரம் ஒதுக்குங்கள், 2003 முதலில்.